ரைஃபிள் தோள்வாரின் ஸ்டட் ஆடினால்: முறுக்குவதற்கு முன் மரத்தைப் பாருங்கள்

துப்பாக்கிக் கட்டையில் தோள்வாரை மாட்டும் உலோகக் குமிழான ஸ்டட் ஆடத் தொடங்கியதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். அதன் துளையில் ஓர் ஆணியைக் கொடுத்து இன்னும் இரண்டு சுற்று இறுக்குவார்கள். கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் முன்னைவிட மோசமாக ஆடும். கட்டைக்குள் ஏறியிருப்பது மரத் திருகு, அதாவது மரத்தில் ஏறும் இரும்புத் திருகு. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது மர நார். நார் நசுங்கிப்போன பிறகு முறுக்கினால் மிச்சமிருப்பதும் தூளாகிவிடும். ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை திருப்புளியைத் தொடாமல் இருப்பதே பாதி வேலை.

சென்னையில் இந்தப் பழுது வருவது மூன்று விதத் துப்பாக்கிகளில். ஒன்று, தாத்தா காலத்து வேட்டை ரைஃபிள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்குக் காட்டில் வேலை இல்லை. ஆனாலும் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டு பீரோவுக்குள் இருக்கிறது; பெரும்பாலும் இஷாப்பூர் ரைஃபிள் ஃபாக்டரியின் .315 (குழல் வாயின் அளவு, இன்ச்சில்), இல்லாவிட்டால் அதற்கும் முந்தைய ஆங்கிலேயத் தயாரிப்பு. இரண்டாவது, ரேஞ்சில் சுடுபவர்களின் .22. மூன்றாவது, காற்றுத் துப்பாக்கி. மூன்றுக்கும் மர வேலை ஒன்றுதான், ஆனால் யார் கை வைக்கலாம் என்பதில் வித்தியாசம் உண்டு.

ஆயுதச் சட்டம் 1959-இன் 5-ஆவது பிரிவு, தயாரிப்பு, விற்பனையோடு சேர்த்துப் பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்கிறது. துப்பாக்கியின் பாகங்களும் அந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கிதான். ஆகவே லைசென்ஸ் ரைஃபிளின் கட்டையைக் கழற்றித் தெருமுனை ஆசாரியிடம் கொடுத்துவிட்டு வரும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அவர் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி. துடைப்பது, மெழுகு பூசுவது, வாரை மாற்றுவது, எங்கே ஆடுகிறது என்று பார்ப்பது வரை உரிமையாளரின் வேலை. துளை போடுவது, கட்டையைக் கழற்றுவது எல்லாம் பழுது பார்க்கும் லைசென்ஸ் உள்ள கடையின் வேலை. துப்பாக்கியோடு அசல் லைசென்ஸையும் எடுத்துப் போக வேண்டும். 4.5 மி.மீ. வாயும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதில் எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். ரைஃபிள் வைத்திருப்பவரும் கீழே வரும் படிகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தீக்குச்சியும் ஃபெவிகாலும் போட்டு அடைத்துக் கொடுத்துவிட்டு முழு வேலைக்குக் காசு கேட்கும் இடங்களும் உண்டு.

எந்தத் துப்பாக்கியானாலும் முதலில் தோட்டா அடுக்கும் மேகஸினைக் கழற்றுங்கள். போல்ட்டை (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) வெளியே எடுங்கள். தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். காற்றுத் துப்பாக்கியில் ஸ்பிரிங் ஏற்றப்பட்டிருக்கக் கூடாது, குழலில் பெல்லட் இருக்கக் கூடாது.

அடுத்து, எது ஆடுகிறது? பொதுவாக உள்ள அமைப்பில் மூன்று துண்டுகள். கட்டையில் ஏறி நிற்கும் குமிழ் ஸ்டட். அதன் குறுக்குத் துளையில் முள் நுழைந்து மாட்டிக்கொள்ளும் வளையம் ஸ்விவல். வளையத்துக்குள் ஓடும் வார். பின்பக்க ஸ்டட் அடிக்கட்டையின் (தோளில் வைக்கும் பகுதி) கீழ் விளிம்பில், நுனியிலிருந்து சுமார் இரண்டரை இன்ச் தள்ளி இருக்கும். அது மரத் திருகு. முன்பக்க ஸ்டட் பெரும்பாலும் மெஷின் திருகு. அது முன்கட்டையை (குழலுக்குக் கீழே கை பிடிக்கும் பகுதி) துளைத்துப் போய், குழல் படுத்திருக்கும் பள்ளத்தின் அடியில் பதித்த நட்டில் ஏறியிருக்கும். முன்னும் பின்னும் பிடிக்கும் விதமே வேறு என்பதால் பழுதும் வேறு, வைத்தியமும் வேறு.

வாரைக் கழற்றிவிட்டு ஸ்விவலை மட்டும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று சத்தம் வந்து ஸ்டட் அசையாமல் இருந்தால் ஸ்விவலின் முள் தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்டட்டின் துளை நீள்வட்டமாகிவிட்டது. இதற்கு மருந்து புதிய ஜோடி மட்டும்தான். முள்ளைத் தட்டிச் சரிசெய்வது, துளையில் ஈயம் ஊற்றுவது போன்ற கைவைத்தியத்தை நம்பி நாலு கிலோ எடையைத் தோளில் தொங்கவிட வேண்டாம். ஸ்விவலையும் கழற்றிவிட்டு ஸ்டட்டை விரலால் பிடித்துத் திருகுங்கள். விரல் பலத்துக்கே சுற்றினால் மரை, அதாவது திருகின் புரி, பிடிப்பை இழந்துவிட்டது. சுற்றாமல் பக்கவாட்டில் மட்டும் அசைந்தால் துளையின் வாய் அகன்றிருக்கிறது, உள்ளே இன்னும் பிடி இருக்கிறது. சுற்றவும் இல்லை, அசையவும் இல்லை, ஆனால் அடியில் முடி போல ஒரு கோடு தெரிகிறது என்றால் அது விரிசல். மூன்றிலும் மோசமானது அதுதான். பூதக்கண்ணாடி வைத்து, நார் ஓடும் திசையிலேயே தேடுங்கள்.

ஏன் தளர்கிறது என்பதற்கு ஊரின் காற்றே பாதிக் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டை ஈரம் குடித்து உப்பும். உப்பிய மரம் உள்ளே இருக்கும் இரும்பை நெருக்கும், இரும்பு விட்டுக்கொடுக்காது, நார்தான் நசுங்கும். சித்திரை வெயிலில் அல்லது ஏசி அறையில் அது காய்ந்து சுருங்கும்போது, நசுங்கிய நார் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. இப்படி ஒவ்வொரு வருஷமும் துளை ஒரு மயிரிழை பெரிதாகிக்கொண்டே போகும். நல்ல வைரம் பாய்ந்த தேக்கு இதை ஓரளவு தாங்கும். வால்நட் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக அசையும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சேரும். உப்புக் காற்றில் இரும்பு ஸ்டட் துருப்பிடிக்கும். துருவும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் சேர்ந்து துளையைச் சுற்றிக் கறுப்பாகும். அந்தக் கறுத்த மரத்தில் உயிர் இல்லை, நகத்தால் கிள்ளினாலே உதிரும். ஸ்டட்டைக் கழற்றும்போது மரையில் கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் துளைக்குள் பசை ஊற்றுவது வீண். கறுப்பு முழுவதையும் துளைத்து எடுத்த பிறகுதான் வேறு பேச்சு.

அடுத்த காரணம் எண்ணெய். ஸ்விவல் கிரீச்சிடுகிறது என்று சொட்டுச் சொட்டாகத் துப்பாக்கி எண்ணெய் விடுவார்கள். அது ஸ்டட்டின் கழுத்து வழியே மரத்துக்குள் இறங்கி நாரை மெத்தென்று ஆக்கிவிடும். எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. ஸ்விவலுக்கு மெழுகு போதும், மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தாலே சத்தம் நிற்கும்.

மூன்றாவது காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. வாரின் அகலம். கடையில் கிடைக்கும் ஸ்விவல்கள் பெரும்பாலும் 1 இன்ச் அல்லது 1¼ இன்ச். ஒரு இன்ச் வளையத்தில் ஒன்றேகால் இன்ச் தோலைத் திணித்தால் அது மடிந்து இறுகி, வளையத்தோடு ஒரே துண்டாகிவிடும். தோளில் மாட்டி இறக்கும் ஒவ்வொரு முறையும் வார் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு நேரே ஸ்டட்டுக்குப் போய், திருகைக் கழற்றும் திசையிலும் ஏற்றும் திசையிலும் மாறி மாறித் திருப்பும். ஸ்டட்டைச் சரிசெய்துவிட்டு அதே வாரை மாட்டினால் வேலை மறுபடி உங்களைத் தேடி வரும்.

இனி பின்பக்க ஸ்டட். கழற்றும்போது அதன் குறுக்குத் துளையில் டிரில் பிட்டின் வழுவழுப்பான தண்டைக் கொடுத்து, இடப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ஆணி கொடுத்தால் துளையின் விளிம்பு சிதையும், பிறகு ஸ்விவலின் முள் சரியாக உட்காராது. வெளியே வந்ததும் வெர்னியர் வைத்து இரண்டு அளவு எடுங்கள்: மரையின் மேடு எவ்வளவு, மரைக்கு நடுவே உள்ள தண்டு எவ்வளவு. திருகின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் மரை தடம் தெரிந்தால் நல்லது. மழமழவென்று கிணறு போல இருந்தால் பிடிக்க ஒன்றுமில்லை.

மரை தடம் பாதி இருந்து, வாய் மட்டும் அகன்றிருந்தால் பெரிய அறுவை சிகிச்சை வேண்டாம். அசிட்டோனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துளையை நன்றாகத் துடைத்து ஒரு நாள் உலரவிடுங்கள். மெதுவாக இறுகும் சாதாரண ஆரல்டைட் எபாக்ஸிப் பசையை, அதாவது ரெசினும் ஹார்டனரும் தனித்தனி டியூபில் வருவதை, சம அளவில் பிழிந்து இரண்டு நிமிடம் விடாமல் கலக்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் வேண்டாம். அது நாருக்குள் ஊறுவதற்குள் கெட்டியாகிவிடும், ஈரத்திலும் நிலைத்து நிற்காது. ஒரு பல்குச்சியால் துளையின் சுவரில் தடவுங்கள். துளையை ரொப்ப வேண்டாம். அடியில் அடைபட்ட பசையும் காற்றும் திருகு ஏறும்போது வெளியேற வழியில்லாமல் மரத்தைப் பிளந்துவிடும். ஸ்டட்டின் மரையில் நிறமில்லாத ஷூ பாலிஷைப் பூசி, துடைத்து, மறுபடி பூசுங்கள். பசை இரும்பில் ஒட்டாமல் இருக்க அதுதான் காப்பு. ஸ்டட்டை ஏற்றி, குறுக்குத் துளை கட்டைக்குச் செங்குத்தாக, இடமிருந்து வலமாகப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போதுதான் ஸ்விவல் முன்னும் பின்னும் ஆடும். பிதுங்கிய பசையை உடனே துடையுங்கள், காய்ந்த பிறகு சுரண்டினால் பாலிஷும் சேர்ந்து வரும்.

24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். மழைக்காலமானால் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். பசை இறுகும், ஆனால் கட்டை வளையும்.

இதே இடத்தில்தான் தீக்குச்சி வைத்தியம் வரும். குச்சியை ஒடித்து, ஃபெவிகாலில் தோய்த்து, துளையில் திணித்து, திருகை ஏற்றுவது. வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளுக்கு அது போதும். தீக்குச்சி மரம் மிக மென்மையானது. தோளில் தொங்கும் ரைஃபிள் நடக்க நடக்கக் குலுங்கி இழுக்கும். அந்த இழுப்பில் குச்சி மறுபடி பஞ்சாகும். எடை குறைந்த காற்றுத் துப்பாக்கியில் தற்காலிகமாகச் செய்யலாம். ரைஃபிளில் கூடாது.

துளை மழமழவென்று போயிருந்தாலோ கறுத்திருந்தாலோ முளை அடிப்பதுதான் முறையான வேலை. நடப்பது இதுதான். பழைய துளையை 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, அதே ஜாதி மரத்தில் முளை செய்து ஒட்டி, அதில் புதிதாகத் துளைத்துத் திருகை ஏற்றுவது. நடுவில் கூர்முனை உள்ள மர டிரில் பிட்தான் வேண்டும். இரும்புக்கான பிட் பழைய துளையின் சாய்விலேயே ஓடிப்போகும். ஆழம் திருகின் நீளத்தைவிட ஒரு நூல் அதிகம். அதற்கு மேல் போகாதபடி பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

துளைக்கும் முன் அடிக்கட்டையின் பின் தகட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பது அவசியம். .315 போன்ற லீ-என்ஃபீல்டு வம்சத்து ரைஃபிள்களில் அடிக்கட்டை தனித் துண்டு. அதை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுக்காகக் கட்டையின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை ஓடுகிறது. காற்றுத் துப்பாக்கிகள் பலவற்றில் எடையைக் குறைக்க ரப்பர் தகட்டுக்குப் பின்னால் குடைந்திருப்பார்கள். "இன்னும் நீளமான திருகு போட்டால் போகிறது" என்ற யோசனை பலிக்காமல் போவது இங்கேதான். திருகின் நுனி வெற்றிடத்துக்குள் எட்டிப் பார்க்கும், பிடி மட்டும் கூடாது. பின்பக்கத் துளையில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் நடுவில் எவ்வளவு மரம் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

முளையில் ஒரு சூட்சுமம் உண்டு. கடையில் கிடைக்கும் உருண்டைக் குச்சியில் நார் நீளவாக்கில் ஓடும். அதைத் துளையில் அடித்தால் திருகு நார்களுக்கு இடையே, அவை ஓடும் திசையிலேயே நுழையும். அந்தத் திசையில் மரைக்குப் பிடி மிகக் குறைவு. முளையைப் பலகையின் முகத்திலிருந்து வெட்டியெடுக்க வேண்டும், அதன் நார் கட்டையின் நாரோடு ஒரே திசையில் படுக்க வேண்டும். அப்போது மரை நார்களைக் குறுக்கே வெட்டிப் பிடிக்கும், ஈரத்தில் முளையும் கட்டையும் ஒன்றாகவே உப்பிச் சுருங்கும், பார்வைக்கும் ஒட்டு தெரியாது. முளை வெட்டும் பிட் பாரிமுனையில் செம்புதாஸ் தெரு சுற்றுவட்டார ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஆசாரியிடம் தேக்குத் துண்டும் அளவும் மட்டும் கொடுத்து முளையைச் செய்து வாங்கலாம். அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அதனால் முளையையும் துளையையும் அசிட்டோனால் துடைத்த கையோடு ஒட்டுங்கள். நேரம் கடத்தினால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வரும். துப்பாக்கி எண்ணெய் ஊறிய கட்டையானால் சுண்ணாம்புக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்து அப்பி, உலர்ந்து பழுப்பானதும் தட்டிவிட்டு, தூள் வெள்ளையாகவே நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ கூடாது. முளையின் பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளம் கீறிவிட்டால் பசையும் காற்றும் அதன் வழியே வெளியேறும். சுத்தியலால் அறைய வேண்டாம், கட்டைவிரலும் மரச் சுத்தியலின் இரண்டு தட்டும் போதும். ஒரு நாள் கழித்து மேலே நீட்டியதை உளியால் சீவுங்கள்.

புதுத் துளையின் பிட் திருகின் தண்டு அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஈட்டி (ரோஸ்வுட்) போன்ற கெட்டி மரமானால் கால் மி.மீ. வரை கூட்டலாம். மரை மேட்டின் அளவில் துளைத்துவிட்டு "ஸ்மூத்தாகப் போகிறது" என்று சந்தோஷப்படுவதும், தண்டைவிடச் சிறிய துளையில் பலாத்காரமாக ஏற்றிக் கட்டையைப் பிளப்பதும் சம அளவில் நடக்கிற தவறுகள். ஸ்டட்டின் கழுத்துக்குக் கீழே மரை இல்லாத ஒரு பருத்த வளையம் இருக்கும். அதற்கு மேல்வாயைக் கொஞ்சம் அகலமாகத் துளைத்து இடம் விடவேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சுற்றில் அது ஆப்பாக இறங்கி விரிசல் போடும். துளையின் கோணம் கீழ் விளிம்புக்குச் செங்குத்து. ஏற்றும்போது மரையில் மெழுகு தேய்த்தால் பாதி பலம் போதும். கழுத்து மரத்தில் உட்கார்ந்ததும் நிறுத்துங்கள், அதற்குப் பிறகான கால் சுற்றுதான் நாரைக் கொல்வது.

பழைய ராணுவ பாணி ரைஃபிள்களில் ஸ்டட் கிடையாது. ஒரு சிறு தகடும் வளையமும் இரண்டு மரத் திருகுகளில் நிற்கும். இரண்டில் ஒன்று தளர்ந்தால் மற்றதன் மேல் முழு நெம்பும் விழும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தத் திருகுகளின் வாய் சிதைந்துபோயிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கரண்ட் டெஸ்டரைத் திருப்புளியாகப் பயன்படுத்தியதன் தழும்பு அது. திருகின் பள்ளத்தை முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் நிரப்பும் திருப்புளிதான் வேண்டும், தேவையானால் உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம்.

விரிசல் இருந்தால் முளை அடிப்பதெல்லாம் அப்புறம். ஸ்டட்டைக் கழற்றிவிட்டு, விரிசலை விரலால் லேசாக நெம்பித் திறந்து, தண்ணீர் போல் ஓடும் மெல்லிய எபாக்ஸியை ஊறவிட்டு, சைக்கிள் டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விடுவது வழக்கம். விரிசல் கைப்பிடியின் பக்கமோ, மெக்கானிசம் உட்காரும் இடத்தின் பக்கமோ ஓடினால் அது வார் பழுது என்ற கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது. அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது, கடைக்குத்தான் போக வேண்டும்.

முன்பக்கத்துக்கு வருவோம். முன் ஸ்டட் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் நட் சுற்றுகிறது; அது பதிந்திருந்த பள்ளம் நசுங்கிவிட்டது. வெளியிலிருந்து இறுக்க இறுக்க நட் மரத்தை இன்னும் தின்றுகொண்டு கீழே இறங்கும். ஒரு கட்டத்தில் திருகின் நுனி நட்டைத் தாண்டி மேலே நீண்டு குழலைத் தொடும். குழல் கட்டையைத் தொடாமல் மிதக்கும்படி அமைத்த ரைஃபிளில் இது நடந்தால் குறி விலகும். ரேஞ்சில் குரூப் (குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம்) திடீரென்று சிதறுகிறது, டெலஸ்கோப் மவுண்டை எல்லாம் இறுக்கிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால், ஒரு தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே செருகிப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். ஸ்டட் இருக்கும் இடத்தில் மட்டும் தாள் தடுத்தால் குற்றவாளி அகப்பட்டது.

இதைச் சரிசெய்யக் குழலைக் கட்டையிலிருந்து பிரிக்க வேண்டும், ஆகவே ரைஃபிளில் இது கடையின் வேலை. செய்ய வேண்டியது: நசுங்கிய பள்ளத்தைச் சுத்தம் செய்து, நட்டுக்கு அடியில் அதைவிட அகலமான மெல்லிய இரும்பு வாஷரை ஆரல்டைட்டில் பதித்து, நட்டும் திருகின் நுனியும் பள்ளத்தின் தரையைவிட ஒன்றரை மி.மீ. கீழே நிற்கும்படி திருகை அராவ வேண்டும். நட்டின் வெளிச்சுவரில் மெழுகு பூசக் கூடாது, அது மரத்தோடு ஒட்டத்தான் வேண்டும். மரைக்குள் மட்டும் மெழுகு. பசை காய்ந்த பிறகு கடைசியாகத் திருகில் லாக்டைட் 243 ஒரு சொட்டு. இந்த மரைப் பசை இரும்பும் இரும்பும் சேரும் இடத்துக்கு மட்டுமே. பின்பக்க மரத் திருகில் இதை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்; அங்கே அது வெறும் ஈரம்.

நட் தொலைந்துபோனால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. அமெரிக்க பாணி ஸ்டட்களில் பெரும்பாலும் 10-32 மரை: வெளிவிட்டம் 4.83 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 0.794 மி.மீ. நம் கடைகளில் கைக்குக் கிடைப்பது எம்5: 5 மி.மீ., 0.8 மி.மீ. பழைய ஆங்கிலேயப் பொருட்களில் 2பிஏ: 4.7 மி.மீ., 0.81 மி.மீ. மூன்றும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். எம்5 நட் 10-32 திருகில் சுகமாக ஏறும், இறுகியது போலவும் தோன்றும். ஆனால் மரையின் மேடுகள் ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும், நாலு இழுப்பில் வழித்துக்கொண்டு வந்துவிடும். தேடி அலைவதைவிட ஸ்டட்டையும் நட்டையும் ஜோடியாக மாற்றுவது மலிவு. அதையே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ கிண்டியிலோ ஒரு லேத் பட்டறையில் சரியான டேப் வைத்து பித்தளையில் நட் கடைந்து தரச் சொல்லலாம். ஸ்டட்டை மட்டும் எடுத்துப் போனால் போதும்.

பெரிய குண்டு சுடும் பழைய ஆங்கிலேய ரைஃபிள்களில் முன் கொக்கி கட்டையில் இருக்காது. முன்கட்டையைத் தாண்டி குழலிலேயே பட்டையாகச் சுற்றியோ ஈயப்பற்று வைத்தோ இருக்கும். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கையில் ஸ்டட் இடது கையைக் கிழிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அது ஆடினால் யாரும் வீட்டில் பற்றவைப்புக் கருவியைத் தூக்க வேண்டாம். குழலில் சூடு காட்டுவது விளையாட்டல்ல, நீலப்பூச்சும் போய்விடும்.

காற்றுத் துப்பாக்கியில் சிக்கல் வேறு மாதிரி. ஸ்பிரிங் ரகம் சுடும்போது முன்னும் பின்னும் அதிரும். அந்த அதிர்வே முன்கட்டைத் திருகுகள் எல்லாவற்றையும் தளர்த்தும். ஸ்டட்டைக் குறைசொல்வதற்கு முன் அவற்றை இறுக்கிப் பாருங்கள். குழலை மடக்கி ஏற்றும் ரகத்தில் முன்கட்டையின் அடியில் நெம்புகோலுக்காக நீளப் பள்ளம் இருப்பதால், திருகு ஏற அங்கே மரம் போதாது. குழலில் கவ்வும் பட்டை ஸ்விவல் விற்கிறார்கள், மலிவுதான். வார் இழுக்கும்போதெல்லாம் குழலையும் இழுக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிளாஸ்டிக் கட்டையானால் மர முளை, ஆரல்டைட் இரண்டும் உதவாது. அந்த வகைப் பிளாஸ்டிக்கில் எபாக்ஸி சரியாக ஒட்டுவதில்லை. மேலும் பின்கட்டை உள்ளே வெற்றுக் கூடு. ரப்பர் தகட்டைக் கழற்றி, உள்பக்கமிருந்து அகல வாஷரும் நைலான் பிடி உள்ள நட்டும் கொடுத்து, மரத் திருகுக்குப் பதில் மெஷின் திருகு ஸ்டட்டைப் போடுவதே நிற்கும் வழி.

ரேஞ்சில் படுத்துச் சுடுபவர்களின் .22-இல் ஸ்டட்டுக்குப் பதில் முன்கட்டையின் அடியில் அலுமினிய ரயில் இருக்கும். அதில் ஓடும் கை நிறுத்தியில், அதாவது பிடிக்கும் கை முன்னே நகராமல் தடுக்கும் துண்டில், வார் மாட்டும். வார் கையை விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால் ரயிலை மரத்தோடு பிடிக்கும் திருகுகளில் முன்கோடித் திருகுதான் முதலில் தளரும். அதற்கும் மேலே சொன்ன முளை வைத்தியம்தான். கை நிறுத்தி மட்டும் வழுக்கினால் ரயிலின் உள்பள்ளத்தில் படிந்த வியர்வைப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்தாலே போதும்.

வேலை முடிந்ததும் நேரே தோளில் மாட்டி நடக்காதீர்கள். ரயில், விமானப் பயணத்தில் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்றை ஸ்விவலில் கோத்து, துப்பாக்கியை மெத்தை மேல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்ல மெல்ல 15 கிலோ வரை இழுத்து ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நேராக ஒருமுறை, முன்னோக்கிச் சாய்த்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. பிறகு ஸ்டட்டின் கழுத்துக்கும் மரத்துக்கும் இடையே நகம் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் பிடிக்கவில்லை. எபாக்ஸியில் உட்கார்ந்த ஸ்டட்டைக் கழற்ற வேண்டி வந்து அது அசையாவிட்டால், சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னின் நுனியைக் குமிழின் மேல் சற்று நேரம் வைத்தால் பசை இளகும். மரத்தில் சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாரைப் பற்றி. தோல் வேண்டுமானால் பெரியமேட்டில் அளவு சொல்லி வெட்டித் தைக்கச் சொல்லலாம். ஸ்விவல் வளையத்தின் உள் அகலத்தைவிட ஒரு மி.மீ. குறைவாக வெட்டச் சொல்லுங்கள். மழையில் தோல் நனைந்து நீளும், பூஞ்சை பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் தொளதொளவென்று ஆகி வாடையும் அடிக்கும். துப்பாக்கி பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும் என்றால் நைலான் பட்டையே மேல். தேர்தல் அறிவிப்பு வந்து போலீஸ் ஸ்டேஷனிலோ கடையிலோ துப்பாக்கியை ஒப்படைக்கும்போது வாரையும் ஸ்விவலையும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் குழலோடு ஒட்டிக் கிடக்கும் ஈரத் தோல், தொட்ட இடமெல்லாம் துரு வரையும். மற்றவர்கள் துப்பாக்கியை வாரைப் பிடித்துத் தூக்கி அடுக்குவதால் ஸ்டட்டும் நெம்பப்படும். ஒப்படைப்பு ரசீதில் துப்பாக்கியின் எண்ணோடு "வார் இல்லாமல்" என்று எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கவுண்டரிலேயே இரண்டு ஸ்டட்டையும் விரலால் திருகிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.